இரவு ஓவியத்தில் முதலில் விளக்கைத் தேடுங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சின்ன வாட்டர்கலர் படம் தொங்குகிறது. தாய்மாமா வரைந்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வெல்ட் கீ கரையிலிருந்து பார்த்த ராத்திரிக் கடல். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விளக்குகள் பொட்டுப் பொட்டாக ஒரு வரிசை. முன்னால் ஒரு மரப்பாலம் கடலுக்குள் நீள்கிறது, அதன் முனையில் ஒரே ஒரு விளக்கு. விளக்குக்கு நாலடி இந்தப் பக்கம், கைப்பிடிக் கட்டையில் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. ஆள் யாரும் இல்லை.

சின்ன வயதில் எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே பிடிக்காது. சைக்கிள்காரர் கடலில் விழுந்துவிட்டார் என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன். ஒருநாள் மாமாவிடமே கேட்டுவிட்டேன். "ஏன் மாமா இவ்வளவு சோகமா வரஞ்சீங்க?"

"சோகத்த அப்புறம் பாக்கலாம்மா. வெளிச்சம் எங்கேருந்து வருது, அத மொதல்ல சொல்லு" என்றார்.

முனை விளக்கைக் காட்டினேன். எது வரைக்கும் வருகிறது என்று கேட்டார். பாலத்துப் பலகைகளில் ஆறேழு மட்டும் மஞ்சளாக இருந்தன, அதற்கப்புறம் நீலம். அந்த மஞ்சளுக்குள் என்னென்ன தெரிகிறது என்று கேட்டார். சக்கரத்தின் கம்பிகள், சைக்கிளின் கைப்பிடி, பின்பக்கம் கட்டியிருந்த சாப்பாட்டுக் கேரியரின் விளிம்பு. கேரியரா? அதுவரை அதை நான் பார்த்ததே இல்லை. ராத்திரி ஷிப்டில் இருக்கும் யாருக்கோ வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறார். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் சோகம் இருந்த இடத்தில் காத்திருப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதுவரை வருகிறது, எதைக் காட்டுகிறது. இந்த மூன்று கேள்விகளைத்தான் இப்போது சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இரவு ஓவியம் பார்த்துப் பழகாத பெரியவர்களுக்கும் இவை போதும். பெரும்பாலோர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். இருட்டைக் கண்டதும் "சோகம்", "தனிமை", "மர்மம்" என்று ஒரு பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயருக்கு ஏற்ற சாட்சிகளைப் படத்தில் தேடுகிறார்கள்.

அகப்பாட்டு படித்தவர்களுக்கு இது புரியும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த இடத்துக்குரிய மரம், பறவை, விலங்கு, தொழில் எல்லாம் கருப்பொருள். அந்த இரண்டின் மேலே நிற்கும் உணர்வு உரிப்பொருள். மூன்றில் உரிப்பொருள்தான் தலையாயது. ஆனால் படிக்கிறவர் அதனிடம் போய்ச் சேருவது மற்ற இரண்டின் வழியாக. குறிஞ்சிக்கு உரிய சிறுபொழுது யாமம், அதாவது நடு இரவு. தலைவன் மலைவழியே வருகிறான். காத்திருக்கிறவளுக்கு அதே இருட்டில் அவனைப் பார்க்கப்போகும் மகிழ்ச்சியும் இருக்கிறது, அவன் வரும் வழியில் யானை நிற்குமே என்ற பயமும் இருக்கிறது. பொழுது மட்டும் உணர்வைத் தீர்மானிப்பதில்லை. அந்தப் பொழுதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் சேர வேண்டும். இரவு ஓவியத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன்: பொழுது, பொருள்கள், அப்புறம் உணர்வு.

பொழுதிலிருந்து தொடங்குவோம். அதற்கு நம் கண் இருட்டில் என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் செம்பருத்திச் செடி இருந்தால் இன்று சாயங்காலம் போய்ப் பாருங்கள். எங்கள் பினாங்கில் ஏழு மணிக்குப் பூ பளிச்சென்று சிவப்பாக இருக்கும், இலை அதற்குப் பின்னால் அடங்கி நிற்கும். விளக்கைப் போடாமல் அங்கேயே இருங்கள். ஏழே முக்கால், எட்டு மணிவாக்கில் பூ கறுத்துப் போயிருக்கும். இலையோ சாம்பல் கலந்த ஒரு வெளுப்போடு முன்னால் வந்திருக்கும். பூவும் இலையும் அதேதான், நம் கண்தான் ஆள் மாறிவிட்டது. பகலில் வேலை செய்பவை கூம்பு செல்கள், அவைதான் நிறங்களைப் பிரித்துச் சொல்கின்றன. வெளிச்சம் குறையும்போது கோல் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. நீலப்பச்சைப் பக்கத்து ஒளியை நன்றாக வாங்கிக்கொள்ளும், சிவப்பை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே இதைக் கவனித்து எழுதினார். அவரும் விடியற்காலையில் பூக்களைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார் என்பார்கள்.

ஓவியர்கள் நிலவொளியை ஏன் நீலமாக வரைகிறார்கள் என்பதற்கு இங்கே பாதி பதில் கிடைத்துவிடுகிறது. நிலவொளி என்பது சூரிய ஒளி நிலாவில் பட்டுத் திரும்பி வருவது. கருவி வைத்து அளந்தால் அது சூரிய ஒளியைவிடக் கொஞ்சம் செம்மைப் பக்கமே சாய்ந்திருக்கும். நமக்கு அது நீலமாகத் தோன்றுவது நம் கண்ணால். ஆகவே நீல இரவை வரைந்தவர் நிலாவின் நிறத்தைவிட, நிலவில் நிற்கும் ஒரு மனிதரின் கண்ணைத்தான் வரைகிறார்.

கோல் செல்களால் நுணுக்கமாகவும் பார்க்க முடியாது. கண்ணின் நடுமையத்தில் அவை இல்லவே இல்லை. அதனால்தான் மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெரியும். இதை வைத்து ஓவியத்தில் ஒன்றைச் சோதிக்கலாம். நிலவொளியில் ஒவ்வோர் இலையும் ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக இருந்தால் அது பகலில் பார்த்த மரம், மேலே நீலம் பூசியிருக்கிறது. நல்ல இரவு ஓவியத்தில் ஓரங்கள் கரையும். மரம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத இடங்கள் இருக்கும். அந்த இடங்களில்தான் பார்க்கிறவரின் மனம் வேலை செய்யத் தொடங்குகிறது. பயந்த மனம் அங்கே ஆளை வைக்கும், அமைதியான மனம் மரத்தை வைக்கும்.

இப்போது ஓவியரின் கஷ்டத்தைப் பாருங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். முழுநிலவு கால் லக்ஸ். நான்கு லட்சம் மடங்கு வித்தியாசம். ஓவியரிடம் இருப்பதோ வெள்ளை வண்ணமும் கறுப்பு வண்ணமும். நல்ல வெள்ளை, நல்ல கறுப்பைவிட இருபது முப்பது மடங்கு ஒளியைத்தான் திருப்பித் தரும். அந்தச் சின்னச் சந்துக்குள் நிலா, தெருவிளக்கு, விளக்கடியில் நிற்பவர், அவருக்குப் பின்னால் இருக்கும் இருட்டு எல்லாவற்றையும் அடக்க வேண்டும். விளக்கின் பிரகாசத்தை அப்படியே கொண்டுவர வழியே இல்லை. பக்கத்தில் இருப்பதை அடக்கித்தான் விளக்கை ஏற்ற முடியும்.

பிள்ளைகள் வகுப்பில் எல்லோரும் செய்யும் முதல் தவறு, விளக்கைப் பளிச்சென்ற மஞ்சளில் வரைவது. அது எலுமிச்சம்பழம் மாதிரி தொங்கும், எரியாது. எரிகிற விளக்கின் நடு ஏறக்குறைய வெள்ளை. மஞ்சள் அதைச் சுற்றி வருகிறது, அதற்கு வெளியே ஆரஞ்சு, அதற்கும் வெளியே செம்பழுப்பு, பிறகு நீலத்தில் போய்க் கரைகிறது. வாட்டர்கலரில் அந்த வெள்ளையைப் பூசவும் முடியாது. தாளை விட்டுவைக்க வேண்டும். மாமாவின் படத்தில் முனை விளக்கு என்பது வண்ணம் தொடாத தாள், ஒரு மிளகு அளவு. படம் முழுக்க அவர் வேறெங்கும் தாளை வெறுமையாக விடவில்லை. அத்தனை நீலத்தையும் அந்த மிளகுக்காகத்தான் பூசியிருக்கிறார்.

இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் என்று ரஷ்ய ஓவியர் அர்ஹிப் குயிஞ்சியைச் சொல்லலாம். 1880இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தினீப்பர் நதியின் நிலவு இரவை வரைந்து, அந்த ஒரே படத்தை மட்டும் கண்காட்சியாக வைத்தார். கூடத்தை இருட்டாக்கி, படத்தின்மேல் மட்டும் விளக்கொளி விழச்செய்தார். பார்க்க வந்தவர்களில் சிலர் கேன்வாஸுக்குப் பின்னால் விளக்கு ஏதும் வைத்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். நிலாவும் ஆற்றின் ஒரு சின்னத் துண்டும் மட்டும் ஒளிர்கின்றன, மற்றதெல்லாம் ஆழ்ந்து கிடக்கிறது. அவர் பயன்படுத்திய வண்ணங்கள் காலப்போக்கில் கறுத்துவிட்டன. அன்றைக்குக் கூட்டம் பார்த்த இரவு நமக்குக் கிடைக்காது.

கறுப்பதைப் பற்றி இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த பெரிய படத்தை உலகமே 'இரவுக் காவல்' என்கிறது. உண்மையில் அது இரவே கிடையாது. மேலே பூசிய வார்னிஷ் அழுக்கேறிக் கறுத்ததால் வந்த பெயர். வார்னிஷை நீக்கியபோது பகல் வெளிச்சம் தெரிந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பழைய படம் இருட்டாக இருந்தால் வரைந்தவர் நினைத்த இருட்டா, வயதால் வந்த இருட்டா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, கேள்விகளுக்கு வருவோம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

மேலேயிருந்து என்றால் நிலா, அல்லது தெருவிளக்கு. நிலா எல்லாவற்றின் மேலும் ஒரே அளவாகப் படியும். விளக்கு பக்கத்தில் இருப்பதைக் கவனிக்கும், தூரத்தைக் கைவிடும். விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும், மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒரு பங்கு. அதனால் விளக்கொளி எப்போதும் ஒரு வட்டம், அதற்கு ஓர் எல்லை உண்டு. நிலவு ஓவியங்களில் பெரும்பாலும் எல்லாரும் ஒரே இரவில் இருக்கிறார்கள். விளக்கு ஓவியங்களில் உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்ற பிரிவு வந்துவிடும். பாதி உணர்வு அந்தப் பிரிவிலேயே பிறந்துவிடுகிறது.

கீழேயிருந்து வரும் ஒளி பயமுறுத்தும் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தாடைக்குக் கீழே டார்ச் அடித்தால் பேய். ஆனால் தைப்பூசம் முடிந்து வெள்ளித் தேர் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலிலிருந்து ஊருக்குள் திரும்பும் இரவில் தெருவோரம் நின்றிருக்கிறீர்களா? தட்டில் கற்பூரம் எரிகிறது. அதை ஏந்தி நிற்கும் அம்மாவின் முகத்துக்கு ஒளி கீழேயிருந்துதான் வருகிறது. மூக்கின் நிழல் நெற்றிப் பக்கம் ஏறுகிறது, கண் இமைகளின் அடிப்புறம் மின்னுகிறது. யாரும் பயப்படுவதில்லை. அந்த ஒளியை அந்த முகத்தோடு சேர்த்து நமக்குப் பழக்கம். அதனால், கீழொளி என்றால் பயம், நீலம் என்றால் சோகம் என்று அகராதி போட்டுப் படிக்கிறவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை. பொருளையும் ஆளையும் சேர்த்துப் பார்க்காமல் ஒளி தனியாக எதுவும் சொல்லாது.

விளக்கு நேரில் தெரிகிறதா, மறைந்திருக்கிறதா என்பதும் பெரிய விஷயம். சுடரை ஒரு கையால் மறைத்துப் பிடித்துப் பாருங்கள். கரண்டு போன வேளையில் மெழுகுவத்தியோடு நடந்திருந்தால் தெரிந்திருக்கும். விரல்களின் ஓரம் சிவந்து, ஒளி சதைக்குள்ளேயே ஊறியது மாதிரி தெரியும். புறங்கை கறுத்திருக்கும், விரலிடுக்கில் மட்டும் நெருப்பு. 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் த லா தூர் இதை வரைந்திருக்கிறார். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 'தச்சர் சூசையப்பர்'. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான அந்தப் பெரியவர் மரத்தில் துளை போடக் குனிந்திருக்கிறார். சிறுவன் இயேசு மெழுகுவத்தி பிடித்துக் கையால் மறைத்திருக்கிறான். ஒளி அவன் விரல்களை ஊடுருவுகிறது, அவன் முகத்தை ஒளிரவைக்கிறது. கிழவரின் நெற்றிச் சுருக்கங்களை அந்தப் பிள்ளைதான் நமக்குக் காட்டுகிறான். அந்த அறைக்கு ஒளி தருபவன் அவன் என்று எழுதிச் சொல்லத் தேவையே இல்லை.

நம் பக்கத்துப் படம் ஒன்றும் இருக்கிறது. பல வீடுகளில் காலண்டராகத் தொங்கியது: சேலை கட்டிய பெண் கையில் விளக்கேந்தி, மற்றக் கையால் சுடரைக் காத்து நிற்பாள், விரல்களுக்கிடையே சிவப்பு கசியும். பலரும் ரவி வர்மா படம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரைந்தவர் எஸ். எல். ஹல்தன்கர், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. எண்ணெய் வண்ணமும் இல்லை, வாட்டர்கலர். அத்தனை இருட்டையும் தண்ணீரில் கரைத்துப் பூசி அந்த ஒளியைக் காப்பாற்றியிருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது. இந்த இரண்டு படங்களிலும் சுடரை மறைக்கும் கைதான் உணர்வைத் தருகிறது. காற்றுக்கு அணைந்துவிடக் கூடாதே என்ற அக்கறை அந்த விரல்களில் இருக்கிறது.

சில படங்களில் விளக்குகள் பல. ஆடம் எல்ஷைமர் 1609இல் ஒரு செப்புத் தகட்டில் வரைந்த 'எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல்', ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருக்கிறது. குழந்தை இயேசுவைக் காப்பாற்ற மரியாளும் சூசையப்பரும் இரவோடிரவாக ஓடும் காட்சி. அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. அதற்குள் நிலா, தண்ணீரில் நிலாவின் பிம்பம், சூசையப்பர் கையில் பந்தம், தூரத்தில் ஆயர்கள் மூட்டிய நெருப்பு, மேலே பால்வீதி. எண்ணிப் பார்த்தால் கதை புரியும். கையிலிருக்கும் பந்தம் மூன்று பேருக்குத்தான் போதும், அது அவர்களின் ஆபத்து. ஆயர்களின் நெருப்பு பெரிது, அங்கே போய்ச் சேர்ந்தால் ஓய்வு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இருட்டைத்தான் அவர்கள் நடந்து கடக்க வேண்டும்.

அடுத்து, ஒரே நிறம் எப்படி வேறு வேறு உணர்வு தருகிறது என்பதற்கு வின்சென்ட் வான் கோவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1888 செப்டம்பர் மாதம் பிரான்ஸின் ஆர்ல் நகரில் இருந்தார். அந்த ஒரே மாதத்தில் இரண்டு கஃபே படங்கள். ஒன்று தெருவோரக் கஃபே. சுவரும் கூரையும் மஞ்சள் விளக்கொளியில் குளிக்கின்றன. அந்த மஞ்சள் வாசலைத் தாண்டித் தெருக்கற்கள் மேல் வழிகிறது. பின்னால் நீல வானம், பெரிய பெரிய நட்சத்திரங்கள். இந்த இரவைக் கறுப்பே சேர்க்காமல் வரைந்ததாகத் தங்கைக்கு எழுதினார். இன்னொன்று 'இரவுக் கஃபே', உள்ளே நின்று பார்த்தது. அதே மஞ்சள் விளக்குகள், ஆனால் சுவர் ரத்தச் சிவப்பு, கூரை பச்சை. கடிகாரம் நள்ளிரவு தாண்டிய நேரத்தைக் காட்டுகிறது. விளக்கைச் சுற்றி ஒளி வளையம் வளையமாக நிற்கிறது, போக இடமில்லாத மாதிரி. நடுவில் பில்லியர்ட்ஸ் மேசையின் கனத்த நிழல். ஓரத்து மேசைகளில் ஆட்கள் கவிழ்ந்து கிடக்கிறார்கள். மனிதனின் பயங்கரமான வெறிகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்லப் பார்த்ததாகத் தம்பி தேயோவுக்கு எழுதினார்.

மஞ்சள் இரண்டிலும் இருக்கிறது. முதல் படத்தில் அதற்குப் பக்கத்தில் நீலம் இருக்கிறது, வெளியே வழிய வழியும் இருக்கிறது. இரண்டாவதில் அது அடைபட்டிருக்கிறது. என் இரண்டாவது கேள்வி இதுதான்: வெளிச்சம் எதுவரை போகிறது, அதைத் தடுப்பது எது?

அதே செப்டம்பரில் ரோன் ஆற்றங்கரை இரவையும் வரைந்தார். கேஸ் விளக்குகளின் பிம்பம் தண்ணீரில் நீண்ட தூண்களாக நம்மை நோக்கி வருகிறது. ஆடாத தண்ணீரில் விளக்கின் பிம்பம் விளக்களவே இருக்கும். சிற்றலை எழுந்தால் ஒவ்வோர் அலையின் சரிவும் ஒரு துளி ஒளியை நம் பக்கம் திருப்பி, தூணாக நீட்டிவிடும். அந்தத் தூண் பார்க்கிறவர் நிற்கும் இடத்துக்கே வரும். எங்கள் ஊர் எஸ்பிளனேட் கடற்கரையில் நடந்து பாருங்கள், ஒளித்தூண் உங்கள் கூடவே நடக்கும். ஆகவே ஓவியத்தில் அந்தத் தூண் இருந்தால், ஓவியர் உங்களை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கவைத்துவிட்டார் என்று அர்த்தம். ரோன் படத்தில் வானத்தில் சப்தரிஷி மண்டலம் இருக்கிறது. அது வடக்கில் தெரிய வேண்டியது, படம் பார்க்கும் திசையோ தென்மேற்கு. தெரிந்தேதான் கொண்டுவந்து வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். கீழே கைகோத்து நடக்கும் ஜோடிக்கு மேலே ஒரு முழு வானம் வேண்டியிருந்திருக்கிறது.

நிற்கும் இடம் என்றதும் அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1942இல் வரைந்த 'நைட்ஹாக்ஸ்' நினைவுக்கு வருகிறது. மூலைக் கடை, பெரிய கண்ணாடி, உள்ளே மூன்று வாடிக்கையாளர்களும் ஒரு பணியாளரும். அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த ஃபுளோரசென்ட் விளக்கின் வெளிறிய ஒளி நடைபாதையில் விழுந்து கிடக்கிறது. தெருவில் ஆளில்லை. தெருவுக்கு வரும் கதவு எங்கே என்று தேடினால் கிடைக்காது. நாம் வெளியே இருட்டில் நிற்கிறோம். அவர்கள் தனிமையில் இருக்கிறார்களா என்று கேட்பதற்கு முன்னால் நாம்தான் தனியே நிற்கிறோம்.

இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது நம்ம ஊர் மாமாக் கடையை, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையை, நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அதே நடு ராத்திரி, அதே குழல்விளக்கு, அதே மாதிரி இரண்டு மூன்று பேர். ஆனால் கண்ணாடி கிடையாது, நாலு பக்கமும் திறந்திருக்கும். தே தாரேக் டீயை ஆற்றும் சத்தமும் டிவியில் ஓடும் பந்தாட்டமும் தெரு வரைக்கும் வரும். நாற்காலிகள், கடைமுன் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியைத் தாண்டித் தார்ரோட்டில் கிடக்கும், வெளிச்சமும் அவற்றோடு ரோட்டுக்கு இறங்கிவிடும். அந்தக் கடையை இருட்டிலிருந்து வரைந்தாலும் தனிமை வராது. ஒரு கண்ணாடி எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்.

விளக்கே பிடி கொடுக்காத படங்களும் உண்டு. ஜேம்ஸ் விஸ்லர் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் இரவுகளை வரைந்தார். 'நாக்டர்ன்' என்ற இசைப் பெயரை அந்தப் படங்களுக்கு வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் அவரை ஆதரித்த லேலண்ட். ஏறக்குறைய 1875இல் வரைந்த வாணவேடிக்கைப் படத்தில் இருட்டும் உதிரும் பொறிகளும்தான் இருக்கின்றன. பொதுமக்கள் முகத்தில் வண்ணச் சட்டியை வீசியடித்தது மாதிரி இருக்கிறது என்று விமர்சகர் ரஸ்கின் எழுத, விஸ்லர் வழக்குப் போட்டார். 1878இல் ஜெயித்தார், கிடைத்த நஷ்டஈடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. ரஸ்கினுக்குப் பிடிக்காதது எனக்குப் பிடித்திருக்கிறது. வாணவேடிக்கை பார்க்கும்போது நாம் எதையும் தெளிவாகப் பார்ப்பதில்லை. வெடித்த பிறகு வரும் புகையும் கண்ணில் தங்கும் புள்ளிகளும்தான் மிச்சம், அதைத்தான் அவர் வரைந்தார். ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் பார்ப்பாராம், பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு பார்த்ததை வாயால் சொல்லிப் பார்ப்பாராம், மறுநாள் நினைவிலிருந்து வரைவாராம். நினைவில் தங்காதது படத்திலும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதுவரை சொன்ன அளவுகோல் எல்லா மரபுக்கும் பொருந்தாது. ராஜஸ்தானி, பஹாடி (இமயமலைப் பக்கத்து) சிற்றோவியங்களில் நள்ளிரவில் காதலனைத் தேடிப் போகும் நாயகி பகல்போலத் தெளிவாக நிற்பாள். வானம் மட்டும் கறுத்திருக்கும், மின்னல் ஒரு தங்கக் கோடு, காலடியில் பாம்பு. நிழலே இருக்காது. ஓவியருக்கு நிழல் போடத் தெரியவில்லை என்று நினைத்தால் தவறு நம்முடையது. அங்கே இரவைச் சொல்பவை கருப்பொருள்கள்: மின்னல், பாம்பு, அணிந்திருக்கும் நீலச்சேலை. மேடையில் கைமுத்திரையாலேயே இருட்டைக் கொண்டுவரும் நடனக்காரரைப் போல.

பழகிக்கொள்ள கலைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. கைபேசியில் பார்த்தால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். திரை தானே ஒளி விடுவதால் இரவு ஓவியங்களெல்லாம் அதில் கடைப் பலகை மாதிரி எரியும். முடிந்தபோது ஒரு அசல் படத்தின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள், கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சத் திட்டு எத்தனை, இருட்டுத் திட்டு எத்தனை என்பது மட்டும் நிற்கும்.

அதற்கு முன்னால் ஜார்ஜ் டவுனில் லெபோ பசார் தெருவுக்கு ஒருநாள் ராத்திரி போய் வாருங்கள். பூக்கடை, நகைக்கடை எல்லாம் மூடிய பிறகு, மழை பெய்து விட்டிருந்தால் இன்னும் நல்லது. அஞ்சடித் தூண் ஒன்றில் சாய்ந்து நின்று, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். கைபேசியை எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய சோடியம் விளக்கு எரியும் தெருவில் எல்லாம் ஆரஞ்சாகவும் பழுப்பாகவும் இருக்கும், சிவப்புச் சேலையும் நீலச் சட்டையும் ஒரே குடும்பமாகிவிடும். எல்.இ.டி. மாற்றிய தெருவில் நிறங்கள் திரும்பி வந்திருக்கும், ஆனால் நிழல்கள் கத்தி வைத்து வெட்டியது மாதிரி இருக்கும். எந்தத் தெருவில் யாருக்காகவாவது காத்திருக்கப் பிடிக்கும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பிறகு விஸ்லரைப் போலத் திரும்பி நின்று பார்த்ததைச் சொல்லிப் பாருங்கள்.

போன வருஷம் மாமாவின் படத்துக்குப் புதுக் கண்ணாடி போடக் கழற்றினேன். ஜன்னலோரம் வைத்து வெளிச்சத்தில் பார்த்தபோது சைக்கிளுக்கு இரண்டு நிழல்கள் இருந்தன. முனை விளக்கால் விழுந்த கருநிழல் நம்மைப் பார்த்து நீள்கிறது, அது எப்போதும் தெரிந்ததுதான். இன்னொன்று மிக மெல்லியது, நீலத்துக்குள் ஒரு சொட்டு அதிக நீலம். அது கடல் பக்கம் விழுகிறது. கேரியரின் இந்தப் பக்கத்திலும் தலைமுடி கனத்துக்கு ஒரு மங்கிய மஞ்சள் கோடு. அப்படியானால் மாமா நின்று வரைந்த இடத்தில், அவருக்குப் பின்னால், படத்துக்கு வெளியே இன்னொரு விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் இருந்திருந்தால் அது எந்தக் கடை விளக்கு என்று கேட்டிருப்பேன். படத்தை முன்பு இருந்த ஆணியிலேயே மாட்டினேன், கொஞ்சம் தாழ்த்தி, பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும்படி.